நரம்பு வலையும் நெய்தல் நிலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், மரக்காணத்தில் ஆற்றிய உரை)



இவ்வட்டத்தின் முதற்கூட்டத்தில் பேசிய மூவருள் நானும் ஒருத்தி. அன்று என் முனைவர் பட்ட ஆய்விலிருந்து, சங்க இலக்கியத்தில் உப்பும் உமணரும் என்னும் பொருள் பற்றிப் பேசினேன். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவதை எடுத்துக் கூறியபோது அவையில் எழுந்த கைத்தட்டல் இன்றும் என் நினைவில் இருக்கிறது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் விழாக்குழுவினர் சற்றுத் திகைத்தனர். மனித அறிவு இயங்கும் முறையை, நரம்புகளின் மாதிரிகளாகக் கணினியில் கட்டிப் பார்க்கக் கற்பிக்கும் கோடைப்பள்ளிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். "தமிழ் ஆசிரியைக்கு இதில் என்ன வேலை அம்மா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

மழை என்ற சொல்

என் தந்தையார் இவ்வூர் உப்பளத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். பாத்தியில் நிற்கும் நீரின் நிறத்தைப் பார்த்தே, உப்பு நாளை விளையுமா மறுநாள் விளையுமா என்று சொல்லக் கூடியவர். 2017ஆம் ஆண்டு கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை ஓரளவு மீண்டது, நடை மீண்டது, பேச்சு மட்டும் முழுமையாக மீளவில்லை. பேசுவார், ஆனால் பொருள்களின் பெயர்கள் இடம் மாறி வந்தன. சோற்றில் உப்புக் குறைவாக இருந்தால், தட்டைக் காட்டி, "மழை போடு" என்பார்.

வீட்டில் சிலர் சிரித்தனர். உறவினர் சிலர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றனர். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாலைதோறும் அவர் எதிரே அமர்ந்து, "மழை இல்லை அப்பா, உப்பு, சொல்லுங்கள், உப்பு" என்று திருத்தினேன். வகுப்பில் எழுத்துப்பிழை திருத்துவது போலவே திருத்தினேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார், முயல்வார், மறுபடியும் மழை என்றே வரும். சில மாதங்களில் அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பின்னர்ச் சோற்றில் உப்புக் குறைந்தாலும் ஒன்றும் சொல்லாமல் உண்டு எழுந்தார். 2020ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் ஏன் மழை என்றார் என்று நான் ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை. பிழை என்று மட்டுமே எண்ணினேன். அந்தப் பிழைக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, என் மாணவி ஒருத்தி எனக்குக் காட்டினாள். உப்பளத் தொழிலாளர் குடும்பத்துப் பெண் அவள். இளங்கலையில் என்னிடம் தமிழ் படித்தவள். பின்னர்க் கணினி அறிவியலுக்குச் சென்றவள். இரண்டு வாரக் கோடைப்பள்ளி ஒன்றுக்குச் சென்று திரும்பிய கையோடு, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தாள்.

கடற்கரையில் தோன்றிய கல்வி

இக்கோடைப்பள்ளிகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். நரம்பைக் கணக்கால் விளக்கும் முயற்சிக்கு உதவிய உயிர் எது என்று எண்ணுகிறீர்கள்? நம் கடலோரத்து வலைகளில் விழும் கணவாயின் இனம்தான். கணவாயின் உடலில் ஒரு நரம்பிழை மிகத் தடித்தது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். மனித நரம்பிழைகள் இதனினும் பன்மடங்கு நுண்ணியவை. ஆகவே கணவாயின் இழைக்குள் மின்முனையைச் செலுத்தி அளக்க முடிந்தது. இங்கிலாந்தின் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் இருவர் அவ்வாறு அளந்து, 1952ஆம் ஆண்டு நரம்புத் துடிப்புக்குரிய சமன்பாடுகளை வெளியிட்டனர். 1963ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். அக்கணக்கைச் செய்யக் கணினி கிடைக்காத நிலையில், கையால் சுழற்றும் கணக்குப்பொறியைக் கொண்டே ஹக்ஸ்லி பல நாள்கள் உழைத்து விடை கண்டார்.

அந்தத் துடிப்பு எதனால் உண்டாகிறது? நரம்பணுவின் வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. அமைதியாக இருக்கும்போது அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ எழுபது மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். பிற அணுக்களிலிருந்து வரும் தூண்டல்கள் சேரச் சேர அந்தத் தாழ்வு குறையும். ஒரு வரம்பை எட்டியதும் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும். அடுத்துப் பொட்டாசியம் வெளியேறும். எல்லாம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் முடிந்துவிடும். நாம் வாரிக் குவிக்கும் உப்பின் இரு கூறுகளுள் ஒன்று சோடியம். நினைப்பதற்கும் பேசுவதற்கும் அழுவதற்கும் அதுவே கருவி. நம் உழைப்பாளர்கள் வெயிலில் நின்று விளைவிப்பது நாவின் சுவைக்கு மட்டும் உரிய பொருள் அன்று என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இவ்வகை மாதிரிகளை மாணவர்கள் தம் கையாலேயே செய்து கற்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் என்னும் கடலோர ஊரின் கடல் உயிரியல் ஆய்வகத்தில், ஜேம்ஸ் போவர், கிறிஸ்டாஃப் கோக் ஆகியோர் ஒரு கோடைப் பயிற்சியைத் தொடங்கினர். போவரிடம் முனைவர் பட்டம் பெற்ற உபிந்தர் பல்லா இந்தியா திரும்பி, பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணியாற்றி, மூஸ் என்னும் இலவச மென்பொருளை உருவாக்கினார். அந்த மையத்தில் நினைவையும் மூளையின் நெகிழ்வையும் கணக்கியல் வழியில் ஆராயும் கோடைப்பள்ளி நடத்தப்பட்டு வந்துள்ளது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கிறிஸ் எலியாஸ்மித் குழுவினர் நெங்கோ என்னும் மென்பொருளைக் கொண்டு இத்தகைய பள்ளியை நடத்தியுள்ளனர். அக்குழுவினர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்பான் என்னும் மாதிரியில் 25 லட்சம் நரம்பணுக்கள் கணினியில் உருவகிக்கப்பட்டிருந்தன. அது எண்களின் படங்களைப் பார்க்கும், நினைவில் வைக்கும், உருவகக் கையால் விடையை எழுதும். ஒரு வரிசையைச் சொன்னால், மனிதரைப் போலவே முதலில் வந்ததையும் கடைசியில் வந்ததையும் நன்கு நினைவுகூர்ந்து, நடுவில் வந்ததில் தடுமாறும். மனிதமூளையின் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்பதை எண்ணும்போது 25 லட்சம் மிகச் சிறிய தொகையே. ஆயினும் தடுமாற்றத்தையும் சேர்த்து ஒத்திருப்பதுதான் அதன் சிறப்பு.

இத்தகைய பள்ளிகளில் பாதி நேரம் விரிவுரை. மீதி நேரம் கைவேலை. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு வினாவை எடுத்துக்கொண்டு, அதற்குரிய மாதிரியைத் தாமே கட்டி, இறுதியில் அனைவர் முன்னும் இயக்கிக் காட்ட வேண்டும். இயங்காவிட்டால் ஏன் இயங்கவில்லை என்று சொல்ல வேண்டும். நூலில் படிக்கும்போது புரிந்ததாகத் தோன்றுவது, கையால் கட்டும்போதுதான் புரியவில்லை என்று தெரியவரும். உப்பளத்துக்கு வேலைக்கு வரும் புதியவரிடம் யாரும் நூலைக் கொடுப்பதில்லை. பலகையைக் கையில் கொடுத்துப் பாத்தியில் இறக்கிவிடுகிறோம். அங்கும் அப்படித்தான்.

பாத்திகளும் வரப்புகளும்

என் மாணவி என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்து காட்டியது இதுதான். 1991ஆம் ஆண்டு ஜெஃப்ரி ஹிண்டன், டிம் ஷாலிஸ் ஆகிய இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 40 ஆங்கிலச் சொற்களை ஐந்து வகைகளாகப் பிரித்து, எழுத்தைக் கண்டதும் பொருளை நாடிச் செல்லும் நரம்பு வலையொன்றைக் கணினியில் பயிற்றினர். பிறகு அவ்வலையின் இணைப்புகளில் சிலவற்றை வேண்டுமென்றே அறுத்தனர். அறுத்தபின் வலை கண்டபடி உளறவில்லை. பெரும்பாலும், கேட்ட சொல்லுக்குப் பொருளால் அண்டையில் உள்ள சொல்லையோ, எழுத்தால் ஒத்த சொல்லையோ தந்தது. மூளையில் அடிபட்ட சிலர் வாசிக்கும்போது செய்யும் பிழைகளை அது ஒத்திருந்தது. ஹிண்டன், ஜான் ஹாப்ஃபீல்டுடன் 2024ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்பதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நினைவை இவ்வாறு வலையாகக் காணும் முறையை 1982ஆம் ஆண்டு எடுத்துரைத்தவர் ஹாப்ஃபீல்டு.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மாணவி சற்று யோசித்துவிட்டு, "அம்மா, நம்ம பாத்தியை நினைச்சுக்குங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லும் ஒரு பாத்தி. கேள்வி என்பது ஊற்றப்படும் நீர். நீரை எங்கே ஊற்றினாலும் சரிவின் வழியே ஓடி உரிய பாத்தியில் தங்கும். பாத்திகளுக்கிடையே வரப்புகள் உண்டு. நிலம் பழுதுபட்டு வரப்பு ஓரிடத்தில் உடைந்தால், அந்தப் பாத்திக்கு வந்த நீர் தொலைதூரத்துக்குப் போகாது. பக்கத்துப் பாத்திக்குத்தான் போகும். மூளையில் குருதியோட்டம் தடைப்பட்டு ஒரு பகுதி பழுதுபடும்போது, சொல் தன் பாத்தியிலிருந்து பக்கத்துப் பாத்திக்கு ஓடிவிடுகிறது. நீர் வற்றவில்லை, நிலமும் போகவில்லை, உடைந்தது வரப்பு.

உப்பளத்தில் வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. என் தந்தையாரின் அறிவு அழிந்துபோகவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பிறகு நாங்கள் இருவரும் தமிழ்ச் சொற்களைக் கொண்டு ஒரு சிறு வலையைக் கட்டினோம். இருபது சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பண்புகளை நிரலிட்டோம்: உண்ணத்தக்கதா, வெண்மையா, வானிலிருந்து வருவதா, சமையலறையில் இருப்பதா, உயிருள்ளதா என்று. என் மாணவி பாடநூலில் கண்ட முறைப்படியே உப்புக்கு அண்டையில் சர்க்கரை, மிளகு, புளி ஆகியவற்றை வைத்தாள். வலையைப் பயிற்றினாள். இணைப்புகளில் பத்தில் மூன்று பங்கை அறுத்தாள். உப்பைக் கேட்டோம். கணினி, சர்க்கரை என்றது.

"சர்க்கரையா? அப்பா ஒரு நாளும் சர்க்கரை என்று சொன்னதில்லையே. மழை என்றல்லவா சொன்னார்?" என்றேன்.

இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம். பின்னர் அவள் கேட்டாள்: "தாத்தாவுக்கு உப்பு சமையலறையில் இருந்ததா அம்மா, உப்பளத்தில் இருந்ததா?"

என் ஆய்வேட்டை எழுத எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. அத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத கேள்வி அது. சமைப்பவளாகிய எனக்கு உப்பின் அண்டை வீடு மிளகும் புளியும். அவருக்கு உப்பின் அண்டை வீடு வெயில், காற்று, உவர்நீர், வரப்பு, எல்லாவற்றிற்கும் மேலாக மழை. நாற்பது ஆண்டுகள் அவர் விடியற்காலையில் எழுந்ததும் முதலில் பார்த்தது வானத்தை. விளைந்த உப்பை வாரிக் குவிப்பதற்குள் ஒரு மழை பெய்தால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் கூலி இல்லை. ஆகவே அவர் நெஞ்சில் உப்பும் மழையும் ஒரே வரப்பின் இருபுறமும் இருந்தன. வரப்பு உடைந்தபோது உப்பு மழையாயிற்று.

பண்புகளின் நிரலை மாற்றினோம். பாத்தியில் காண்பதா, கூலியோடு தொடர்புடையதா, அஞ்சத்தக்கதா, நீரோடு உறவுடையதா என்பன போன்ற பண்புகளைச் சேர்த்தோம். மீண்டும் பயிற்றினோம், மீண்டும் அறுத்தோம். இம்முறை உப்பைக் கேட்டபோது, பலமுறை மழை என்றே வந்தது.

என் கண்கள் கலங்கின என்பதை இந்த அவையில் மறைக்க விரும்பவில்லை. ஆனால் என் மாணவி உடனே சொன்னாள்: "அம்மா, இதை நிரூபணம் என்று கொள்ளக் கூடாது. நாம் வைத்ததைத்தான் அது திருப்பித் தந்தது. இருபது சொற்களைக் கொண்ட வலை தாத்தாவின் மூளை ஆகாது. ஆனால் இனி என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிட்டது." இந்த அடக்கத்தையும் கோடைப்பள்ளிதான் அவளுக்குக் கற்பித்தது என்று நினைக்கிறேன். மாதிரி என்பது உண்மையன்று. தவறென்று காட்டப்படுவதற்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் கருத்து. முதல் வலை சர்க்கரை என்று தவறியதால்தான் மழையை நாங்கள் கண்டோம்.

இன்னொன்றையும் அவள் செய்தாள். பழுதுபட்ட அதே வலைக்கு, பொருளோடு கூட 'உ' என்னும் முதலெழுத்தையும் குறிப்பாகக் கொடுத்தாள். உப்பு என்ற விடை முன்னிலும் மிகுதியாக வந்தது. பேச்சுப் பயிற்சியாளர்கள் பக்கவாத நோயாளிகளுக்குச் சொல்லின் முதல் ஒலியை எடுத்துக் கொடுத்து உதவுவது வழக்கில் உள்ள முறை. நான் என் தந்தையாருக்கு முழுச்சொல்லையும் சொல்லி, திருப்பிச் சொல்லுமாறு வற்புறுத்தினேன். ஒரே ஓர் எழுத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், ஒருவேளை மீதியை அவரே சொல்லியிருக்கக் கூடும். மழை என்றவுடன் உப்பை எடுத்து அவர் தட்டில் போட்டிருந்தால், அதுவே போதுமானதாகவும் இருந்திருக்கும்.

திணை என்னும் வலை

இப்போது மூத்த உறுப்பினரின் கேள்விக்கு வருகிறேன். தமிழ் ஆசிரியைக்கு இதில் என்ன வேலை?

தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது, ஆறாவது அறிவாக மனத்தை வைத்தார். ஐம்பொறிகளின் வழி வருவதைக் கூட்டிப் பொருளாக்குவது மனம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. அதனினும் முக்கியமானது திணைக்கோட்பாடு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, பறவை, மரம், தொழில் முதலியன கருப்பொருள். அவற்றினிடையே வாழும் மக்களின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இதை நாம் செய்யுளிலக்கணம் என்று மட்டுமே கற்பித்து வருகிறோம். சற்று வேறு கண்ணால் பாருங்கள். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் அண்டை அயலாக வாழும் என்பதை நிலமும் தொழிலும் முடிவு செய்கின்றன என்பதுதானே அதன் உட்கிடை? நெய்தலில் உப்புக்கு அண்டையில் உமணரும் வண்டியும் நெல்லும் வருவதைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற வாழ்க்கை அது. மருதத்து உழவனுக்கு மழை வரவு. நெய்தலின் உப்புத் தொழிலாளிக்கு அதே மழை இழப்பு. ஒரே மொழி, ஒரே சொல். அண்டை அயல் வேறு.

இக்காலத்துக் கணினிகள் மொழியைக் கற்பதும் ஏறத்தாழ இவ்வாறே. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடி வருகிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து அவை கற்கின்றன. ஆனால் எழுதப்பட்டவற்றிலிருந்தே கற்கின்றன. மரக்காணத்து உப்பளத் தொழிலாளி தன் வாழ்வை எழுதி வைத்ததில்லை. அவர் மொழியில் உப்பு எதற்கு அண்டையில் இருக்கிறது என்பதை எந்தக் கணினியும் அறியாது. நாளை நம் மக்களின் மூளைநோயை ஆராயவரும் மாதிரிகளும் அறியா. அவர்கள் சோற்றில் மழை கேட்டால், அவற்றுக்கும் அது பிழையாகவே படும். நான் செய்த தவறு அப்படியே இயந்திரத்திலும் ஏறிவிடும்.

மொழியமைப்பிலும் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலச் சொல்லைக் கொண்டு கட்டிய மாதிரி தமிழுக்கு அப்படியே பொருந்தாது. நம் வினைச்சொல் ஒன்றே காலத்தையும் இடத்தையும் எண்ணையும் பாலையும் தன்னுள் தாங்கி நிற்கிறது. நம் எழுத்து உயிரும் மெய்யும் கூடிய உயிர்மெய். மூளையில் அடிபட்ட தமிழர் ஒருவர் எந்த உறுப்பை இழப்பார், பகுதியையா விகுதியையா, மெய்யையா உயிரையா என்பதை நன்னூல் கற்றவர்கள் அல்லவா கேட்க வேண்டும்? பொறியாளர்கள் வலையைக் கட்டட்டும். அதில் வைக்க வேண்டிய கேள்வி நம்மிடம் இருக்கிறது. இதுவே என் விடை.

ஒரு வேண்டுகோள்

விழா மேடையில் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. பத்தாண்டு நிறைவில் இவ்வட்டம் ஒரு செயலைத் தொடங்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

முதலாவது, அடுத்த கோடை விடுமுறையில் இவ்வூரிலேயே ஏழு நாள் செய்முறைப் பள்ளியொன்றை, உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்காக நடத்துவோம். பெரிய பொருட்செலவு இல்லை. பழைய மடிக்கணினிகள் பத்து போதும். நெங்கோ, மூஸ் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் சீனிவாச சக்கரவர்த்தி மூளையியல் பற்றி ஆற்றிய விரிவுரைகளைத் தேசியத் தொலைக்கல்வித் திட்டத்தின் வழி யாரும் காணலாம். முதல் நாள், ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றி நரம்பணுவை விளக்கலாம். ஊற்றும் வேகம் ஒழுகும் வேகத்தை மிஞ்சினால்தான் குடம் நிறைந்து வழியும். பிரான்சு நாட்டு லூயி லாபிக் 1907ஆம் ஆண்டு முன்வைத்த விளக்கத்தின் சாரம் ஏறத்தாழ இதுவே. இரண்டாம் நாள் கணவாயின் நரம்பு. மூன்றாம் நாள், சேர்ந்து துடிக்கும் அணுக்களின் இணைப்பு வலுப்படும் என்று 1949ஆம் ஆண்டு டொனால்ட் ஹெப் கூறிய விதி. நான்காம் நாள் சொல்வலையைக் கட்டுதல். ஐந்தாம் நாள் அதை அறுத்துப் பார்த்தல். ஆறாம் நாள் முதலெழுத்தைக் கொடுத்து மீட்டல். ஏழாம் நாள், தாம் கட்டியவற்றைத் தம் பெற்றோர்க்குக் காட்டுதல். கோடை என்பது உப்பளத்தில் வேலை மிகுந்த பருவம். பிள்ளைகளும் விடியலில் பெற்றோருக்கு உதவச் செல்வர். ஆகவே வகுப்பைக் காலை பத்து மணிக்குத் தொடங்க வேண்டும். கோடைப்பள்ளிக்கு விண்ணப்பிக்கவே என் மாணவி முதலில் அஞ்சினாள். அங்கே வருபவர்கள் எல்லாரும் பெருநகரத்தார் என்று எண்ணினாள். அடுத்து வரும் பெண்ணுக்கு அந்த அச்சம் இருக்கக் கூடாது.

இரண்டாவது, நெய்தற் சொல்வலை ஒன்றைத் தொகுப்போம். உறுப்பினர் ஒவ்வொருவரும் உப்பளத்திலும் மீனவர் குப்பங்களிலும் பத்துப் பேரைச் சந்தித்து, ஒரு சொல்லைச் சொல்லி, அதைக் கேட்டதும் அவர்கள் நெஞ்சில் முதலில் எழும் சொல் எது என்று கேட்டு எழுதுவோம். உப்பு, மழை, வெயில், காற்று, கடன், கூலி என்று ஐம்பது சொற்கள் போதும். சரி, தவறு என்று யாரையும் திருத்தாமல், சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். இது இலக்கியப் பணியா என்று கேட்டால், ஆம் என்பேன். கருப்பொருளைத் தொகுப்பது தமிழர்க்குத் தொன்றுதொட்ட பணி.

மூன்றாவது, இத்துறைக்குரிய சொற்களைத் தமிழில் ஆக்கும்போது அகராதியிலிருந்து மட்டும் எடுக்காமல், தொழில் செய்வோரின் வாயிலிருந்தும் எடுப்போம். வரப்பு, பாத்தி, சரிவு, மடை என்ற சொற்கள் எனக்கு ஒரு மாலையில் விளக்கியதை எந்த மொழிபெயர்ப்பும் விளக்கியிருக்காது.

பெரியோர்களே, என் தந்தையார் இறுதி ஆண்டில் பேச்சைக் குறைத்துக்கொண்ட பிறகும், மாலையில் வாசலில் அமர்ந்து மேற்கே வானத்தைப் பார்ப்பார். மேகம் கூடினால் எழுந்து உள்ளே வந்து, என் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டுவார். வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். அவர் மழையைச் சொல்ல வந்தாரா, உப்பைச் சொல்ல வந்தாரா என்று நான் அறியேன். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அன்று அது சரியான சொல்லாகவே இருந்திருக்கும். நான் திருத்திவிடுவேன் என்று எண்ணியே சொல்லாமல் விட்டார். இவ்வூரில் இன்னும் பல வீடுகளில் இப்படி ஒருவர் வாசலில் அமர்ந்திருக்கிறார். அவர் சொல்லும் பிழையைத் திருத்துமுன், அந்தச் சொல் எந்தப் பாத்தியிலிருந்து வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.